அமோயிஸ் வீட்டு வாசற்படி

எங்கள் பெரியப்பா அமோயிஸின் வீட்டு வாசற்படி, கர்த்தருடைய நாளாகிய ஞாயிறுதோறும் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. நைல் பெருகிய ஆண்டிலும் நகர்ந்தது, பெருகாத ஆண்டிலும் நகர்ந்தது. படியோடு சுவரும் கூரையும் சேர்ந்தே நீண்டு வந்தன. விரிசல் ஒன்றும் விழவில்லை.

காரணத்தைச் சிலர் மாற்றிச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். ஊரார் அத்தனை பேரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரியிடம் அதற்குச் சான்றாகச் சீட்டு வாங்க வேண்டும் என்று பேரரசர் ஆணையிட்ட ஆண்டில், கர்த்தரை மட்டுமே தொழும் எங்கள் சபை பெரியப்பா வீட்டில்தான் கூடிவந்தது. சோதனை போட ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்த காலையில், வேத ஏடுகளும் மூப்பர் பெக்குசிஸும் இன்னும் ஒன்பது பேரும் அந்த வீட்டுக் கிடங்கில், பார்லி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். பெரியப்பா மட்டும் கோயிலுக்குப் போனார். பீடத்தில் திராட்சரசம் ஊற்றினார், பலியிறைச்சியில் ஒரு துண்டை மென்றார், சீட்டை வாங்கிவந்து கதவில் ஒட்டினார். சீட்டு இருந்த வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை.

சோதனை ஓய்ந்ததும், மூப்பர் தாடியில் உமியோடு வெளியே வந்தார். விக்கிரகத்துக்குப் பலியிட்டவன் சபைக்குள் வரலாகாது, வாசலுக்கு வெளியே நின்று அழ வேண்டும், சபையார் ஒருவருக்கொருவர் தரும் சமாதான முத்தமும் திருவிருந்து அப்பமும் அவனுக்குச் சாகும் தறுவாயில்தான் என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் வீட்டுக்குள், எங்கள் பாயில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் எண்ணெய் எரியும் விளக்கடியில் சொன்னார். உயிர் பிழைத்த ஒன்பது பேரும் ஆமென் என்றார்கள்.

பெரியப்பா வெளியே போய் நின்றார். அடுத்த வாரம் படி நகர்ந்து அவர் காலைத் தொட்டது. அவர் ஒரு சாண் பின்வாங்கினார். மறு வாரமும் அப்படியே.

"ஏங்க, வீடே உங்கள கூப்பிடுது. அசையாம நில்லுங்களேன்!" என்று பெரியம்மா தெர்மூதிஸ் உள்ளிருந்து கத்துவார்.

"மூப்பர் கூப்பிடட்டும். செங்கல்லு கூப்பிட்டா வந்துருவேனா?"

"சாத்தானுக்கும் கொத்து வேலை தெரியும்மா" என்றார் மூப்பர்.

"அப்ப உமக்கு ஒளிய எடம் குடுத்ததும் சாத்தான்தானா? பத்து நாள் அவன் கஞ்சியத்தானே குடிச்சீரு!" என்றார் பெரியம்மா.

மூப்பர் வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை உரக்கப் பாடத் தொடங்கினார்.

இப்படி ஆறு ஆண்டுகள், முந்நூறு சாண். வீடு சந்து முழுவதையும் நிறைத்தது. அக்கம்பக்கத்தாரின் கதவுகள் எங்கள் கூடத்துக்குள் திறந்தன. பெரியப்பாவின் முதுகு சந்தின் கோடியிலிருந்த குளியல் மண்டபச் சுவரில் முட்டிய வாரம், பின்வாங்க இடமில்லாமல் போயிற்று. படி அவர் பாதத்துக்கு அடியில் புகுந்து, சுவரைத் தொட்டு நின்றது. அவர் உள்ளே இருந்தார்.

"வெளிய போங்க" என்றார் மூப்பர்.

"எங்க போறது? வெளியன்னு ஒண்ண இந்த வீடு மிச்சம் வைக்கலையே."

அன்றைய வழிபாட்டில் முத்தம் வரிசையில் ஆள்மாறி வந்து, பெரியப்பாவுக்கு முன்னால் நின்றவரோடு நின்றுவிட்டது. அந்த மனிதரும் கிடங்கில் இருந்தவர்தான். பெயரை எழுத மாட்டேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மா எழுந்து வந்து, சபை பார்க்க, கணவரை முத்தமிட்டார். தம் கையிலிருந்த அப்பத்தைப் பிட்டுப் பாதியை அவர் வாயில் வைத்தார். பெரியப்பா மெதுவாக மென்றார்.

அதன்பின் படி நகரவில்லை. சந்துக்காரர்கள் இன்றும் எங்கள் கூடத்தின் வழியாகத்தான் கழுதை ஓட்டிப் போகிறார்கள். காலைக் கழுவிவிட்டு வரச் சொல்கிறோம். மூப்பர் பெக்குசிஸின் பேரர்கள் மட்டும் இரண்டு முறை கழுவ வேண்டும்.