லாபிர் வாங்கிய சுவெட்டர்

மூதூரில் சொந்தமாகச் சுவெட்டர் வைத்திருப்பவர்கள் குறைவு. இந்த வெக்கையில் அதை யார் போடுவது? பள்ளிப் பிள்ளைகள் மலைநாட்டுப் பக்கம் சுற்றுலா போகும் காலத்தில் மட்டும், கட்டாரில் வேலை பார்த்து வந்த யாரோ ஒருவரின் சுவெட்டர் அலுமாரியை விட்டு வெளியே வரும். வீடு வீடாக இரவல் போய், எல்லாப் பிள்ளைகளோடும் நுவரெலியா பார்த்துவிட்டுத் திரும்பும். மீன் வியாபாரி லாபிர் அப்படி இரவல் கேட்கவில்லை. திருகோணமலைக்குப் பஸ் ஏறிப் போய், கடை கடையாக அலைந்து, மகள் அம்ராவுக்குப் புதுச் சுவெட்டர் வாங்கி வந்தார். அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

அந்த மனிதரை அதுவரை கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்ரா எங்கள் பள்ளியில் உயர்தரம் படிக்கிறாள். நான் அவளுக்கு உயிரியல் ஆசிரியை. கண்டிப் பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் விவசாயம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பரீட்சையில் நல்ல பெறுபேறு வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தகப்பன்தான் பிடிகொடுக்கவில்லை. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப ஏலாது, கண்டி றோட்டு வளைவும் பள்ளமும், போன இடத்தில் யார் பார்ப்பது என்று எப்போதும் ஒரே கதை. அதனால்தான் இந்த வருடச் சுற்றுலாவைப் பேராதனைக்கு என்று நானே முன்னுக்கு நின்று ஒழுங்கு செய்தேன். பூந்தோட்டத்தையும் பல்கலைக்கழகத்தையும் பார்த்துவிட்டுப் பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தால், லாபிரின் பயம் பாதி போய்விடும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் பொறுப்பு என்று அவரிடம் சொன்னேன். என் சொல் போதாதென்று பள்ளி அதிபரையே அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அதிபர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பிள்ளை எங்கள் பிள்ளை, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்று வாய் நிறையச் சொன்னார். கடைசியில் லாபிர் ஓம் என்றார்.

பிறகு எங்கோ ஒரு மலைப்பாதையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. டீவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கல்விப் பணிமனை அனுப்பிய சுற்றறிக்கை சுற்றுலாவை நிறுத்தச் சொல்லவில்லை. பஸ்ஸைப் பரிசோதியுங்கள், இரவில் ஓடாதீர்கள் என்றுதான் சொன்னது. நான் பஸ்ஸைக் காட்டிச் சான்றிதழ் எடுத்தேன். சாரதி றொபேட் லிங்கநகரில் எங்கள் தெருவில் இருப்பவர், குடிக்காத மனிதர். விடிந்த பிறகு புறப்பட்டு, இருட்ட முன்னர் போய்த் தங்க இடமும் பார்த்தேன். எல்லாவற்றையும் அதிபரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஏதும் நடந்தா ஆரு டீச்சர் பதில் சொல்ற? இந்த வருசம் வேணாம்," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தோப்பூரிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருகிறார்களே, அதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அது பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடக்கிற விஷயமாம். சரி, லாபிருக்கு வாக்குக் கொடுத்த நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவருக்குக் கூட்டம் இருக்கிறதாம். வாக்குக் கொடுக்க நேரம் கிடைத்த மனிதருக்கு, அதைத் திருப்பி எடுக்கப் போவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

நான்தான் போனேன். லாபிர் மீன் விற்றுவிட்டுத் துறையடியிலிருந்து வந்து குளித்துவிட்டு முன்னறையில் இருந்தார். நான் வாயைத் திறக்க முன்னரே, சுவெட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லி அம்ராவைக் கூப்பிட்டார். பிள்ளை அந்தப் பின்னேர வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நெற்றியால் வேர்வை ஓடியது. சுவெட்டரின் கை அவளுடைய விரல்களையும் மூடிக்கொண்டு தொங்கியது.

"கொஞ்சம் பெரிசுதான் டீச்சர்," என்றார் லாபிர். "தெரிஞ்சுதான் வாங்கின. நாளைக்கு அங்க படிக்கப் போனாலும் நாலஞ்சு வருசம் போடணும்தானே."

அந்த மனிதர் கடையில் நின்றே முடிவெடுத்துவிட்டார். சுற்றுலா இல்லை என்று நான் சொல்லவேண்டியதுதான் மிச்சம். சொன்னேன். அதிபர் சொன்னதை, சுற்றறிக்கையை, றொபேட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு லாபிர் சொன்னார்:

"பள்ளிக்கூடமே பயப்படுதெண்டா, நான் எப்புடி டீச்சர் புள்ளயப் படிக்கத் தனிய உடுற?"

நானே அவளைப் பேராதனை காட்டக் கூட்டிப்போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "கிறிஸ்டின் டீச்சர், ஒங்கள நம்பாம இல்ல. அவ்வளவு பேர் சேந்து ஏலாதெண்டத, நீங்க ஒராள் ஏலுமெண்டா நான் என்னெண்டு நம்புற? அவ கிட்டத்தில எதையாவது படிக்கட்டும்."

அம்ரா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "எங்கட வாப்பா ஓம் எண்டவர் டீச்சர். இல்லையெண்டது பள்ளிக்கூடம்."

அவள் சுவெட்டரைக் கழற்றி, கையை உள்ளே மடித்து, கதவடியில் நின்ற தன் உம்மாவிடம் நீட்டினாள். இதை இனி யார் போடுவது என்று உம்மா கேட்டார்.

"அலுமாரியில வைங்க," என்றார் லாபிர். "ஆராச்சும் ட்ரிப் போகக்குள்ள கேட்டு வருவாங்க. குடுப்பம்."

இந்த வருடம் யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.