நாற்பத்தொன்றாம் அட்டை

"அப்பா, நட்சத்திர மீனுக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று மகள் நாலு வயதில் கேட்டாள். இஸ்திரி போடும் அப்பாவுக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் தேயிலைப் பொட்டலங்களோடு வந்த கடல் அதிசயப் பட அட்டைகள் ஐம்பதில் அதுவும் ஒன்று, விளக்கம் பின்பக்கம் இருக்கும் என்று யாரோ சொல்ல, சேர்க்கத் தொடங்கினார். பதினெட்டு வருடத்தில் நாற்பத்தொன்பது கிடைத்தன. நாற்பத்தொன்றாம் எண் போட்ட நட்சத்திர மீன் மட்டும் டிமிக்கி கொடுத்தது. மகள் பள்ளியிலேயே விடையைப் படித்துவிட்டாள். ஆனால் அப்பா வாயால் வரட்டும் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

ஒருநாள் பழைய பேப்பர் கடைக்காரம்மா அந்த அட்டையைக் கொண்டுவந்தார். யாரோ அதை நோட்டு அட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"எவ்வளவும்மா?"

"எடைக்குப் போட்டா என்னண்ணே தேறும்? சும்மா வச்சுக்கோங்க."

தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் கரைந்துவிடும்.

"கிழிச்சுடாதீங்கப்பா!" என்று மகள் நகம் கடித்தாள்.

"பட்டுக்கே பதம் பார்த்துத் தேய்க்கிறவன்மா நான்."

ஈரத்துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியைப் படாமல் மேலே காட்டினார். ஆவியில் பசை இளகி, அட்டை முழுசாகக் கழன்று வந்தது.

"ஒவ்வொரு கை நுனியிலயும் ஒரு கண்ணு!" என்று தெருவே திரும்பிப் பார்க்க உரக்க வாசித்தார்.

"அப்படியாப்பா!" என்று மகளும் துள்ளினாள்.

அந்த வாரம் இஸ்திரிக்கு வந்த கடைக்காரம்மாவின் துணி மூட்டையில் ஒரு சட்டையின் காலர் பிய்ந்திருந்தது. மகள் வேலைக்குப் போனபின் அப்பாவே ஊசி எடுத்துத் தைத்தார். தேய்த்து மடித்து, மற்ற சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினார். பார்த்தது கடவுள் ஒருவர்தான்.