வாங்கில் காய்ந்த இருவர்

1

இந்தக் கதை பிறந்தது கற்பனையில் அல்ல, ஜொனதனின் எடையில். சேமக்காலையில்* கிடந்த நீள வாங்குப் பலகையின் ஓரத்தில் அவன் களைப்பாற உட்கார்ந்தான். மறுமுனை மேலே எழும்பியது. வெள்ளைத் துணிகளில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு பேர் சறுக்கி, மணலில் ஒன்றாய்க் குவிந்தார்கள்.

(இரண்டு பேர் என்றால் இரண்டு பேருடைய எலும்புகள். முதல் பந்தியில் சொன்னால் வாசகர் ஓடிவிடுவார் என்று பயம்.)

இதை எழுதுகிறவனே ஜொனதன்தான். 'நான்' என்று போட வெட்கம்.

* கத்தோலிக்கரின் அடக்க நிலம். இந்த அழகான சொல்லை மட்டும் வைத்து ஒரு கதை எழுதப் பார்த்தான். வரவில்லை.

2

வேறு தொடக்கமும் இருந்தது. "காலப் பெருங்கடலின் கரையில் அந்த எலும்பறை மௌனமாக..." போதும்.

அறை சின்னது, முருகைக்கல், சுண்ணாம்பு. எவ்வளவு பழசென்று கேட்டால் ஆளுக்கொரு நூற்றாண்டு சொல்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பாத இந்தக் கரையோரக் கோயில் பங்கில் புதைக்க இடம் குறைவு. ஆகவே ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் பழைய குழிகளைத் திறப்பார்கள். வீட்டாரே எலும்புகளைக் கழுவி, காயவைத்து, துணியில் பொதிந்து, பின்னேரச் செபத்துக்குள் அறையில் வைப்பார்கள். உள்ளே துணி உக்கிக் கிழிந்து எல்லாரும் கலந்துபோவார்கள்.

மண்டையோட்டின் காதுத் துளைக்குள் மணல் நிற்கிறதா என்று ஊதிப் பார்க்கிறார்கள், ஐயா! ஒருமுறை புதைத்தால் திரும்பிப் பார்க்காத மெதடிஸ்த வீட்டில் வளர்ந்த ஜொனதனுக்குப் பொறாமையாக இருந்தது.

3

விழுந்தவர்களில் ஒருவர் செபஸ்தியம்மாவின் கணவர் அடைக்கலநாதன். மற்றவர் றஞ்சித்தின் தகப்பன் மரியான்பிள்ளை. கரைவலை இழுக்கும் இடத்துக்காகச் சண்டைபிடித்து, சாகும்வரை முகம் பார்க்காதவர்கள்.

"உந்த ஆளை ஆர் உள்ளுக்கை விட்டது?" என்றான் றஞ்சித்.

"கதை எழுதிறவராம்," என்றார் செபஸ்தியம்மா.

"வீட்டிலை இருந்து எழுதியிருக்கலாமே!"

இருவரும் குந்தியிருந்து பிரித்தார்கள்.

"உந்தக் கால் என்ரை மனிசன்ரை. அவர் நெட்டை."

"அப்ப எங்கடை அப்பு குள்ளனோ, மாமி?"

பெரியவற்றை ஒருவாறு பங்கிட்டார்கள். விரல் எலும்புகள் ஒரு குவியலாய் மிஞ்சின. செபத்துக்கு மணி அடிக்கப்போகிற நேரம்.

4

முடிவு அ: இருவரையும் ஒரே துணியில் பொதிகிறார்கள். பகை தீர்கிறது. (எழுதும்போது ஜொனதன் அழுதுவிட்டான். வாசித்தபோது நம்பவில்லை. றஞ்சித் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை.)

முடிவு ஆ: மிஞ்சியதைக் கடலில்... (செபஸ்தியம்மா கேள்விப்பட்டால் ஜொனதனைத்தான் கடலில் போடுவார்.)

முடிவு இ: வாசகரே, இடம் விட்டிருக்கிறேன். (..............................)

நடந்தது என்னவென்றால், செபஸ்தியம்மா அந்தக் குவியலை மறுபடி தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாகக் கழுவி, சீலைத் தலைப்பால் துடைத்து, இரண்டு துணியிலும் ஒவ்வொரு பிடி வைத்தார்.

"என்னிலை கோவமோ, அம்மா?" என்றான் ஜொனதன்.

"தேத்தண்ணி குடி, தம்பி."

"உள்ளுக்கை போனால் கலந்துபோம்தானே? பிறகேன் இவ்வளவு பாடு?"

"சீனி காணுமோ?"

பொதிகள் உள்ளே போயின. மணி அடித்தது. ஜொனதன் மறுபடியும் போய் செபஸ்தியம்மாவின் முன்னால் நின்றான். இம்முறை அவர் அவனை நேரே பார்த்தார்.

"உள்ளுக்கை கலக்கிறது அவையின்ரை பாடு. கழுவி விடுறது என்ரை பாடு. எது என்ரை மனிசன்ரை எண்டு தெரியாமல் அந்த மரியான்பிள்ளையின்ரை விரலையும் எல்லே கழுவினனான்! அதுவும் நோகாமல், மெல்லமாய். ஒருவேளை என்ரை மனிசன்ரையாய் இருந்தால் எண்டு. ஓம் தம்பி, உன்னிலை எனக்குக் கோவம்தான்."