லைப்சிக் காப்பிக்கு வந்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லைப்சிக் நகரத்தின் பேட்டைகள் ஆவுடையப்பன் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தன. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜெர்மன் பேட்டைகள் அல்லவா.

தப்பு ஆவுடையப்பனுடையதுதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக அவன் அந்த ஊருக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினான். பேட்டை பேட்டையாகப் போய்ப் பார்த்தான். கிளம்பும்போது ஒவ்வொன்றிடமும், "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவைத்தான். திருநெல்வேலிக்காரன் வேறு என்னத்தைச் சொல்வான்? நம் ஊரில் "அதுக்கென்ன, வந்தாப் போச்சு" என்பார்கள். அதோடு முடிந்தது. இங்கே பேட்டைகள் டைரியை எடுத்தன. "எந்த நாள்? எத்தனை மணிக்கு?" என்றன. அவனும் வாய்க்கு வந்த நாளைச் சொன்னான். எல்லாவற்றிடமும் அதே நாளைச் சொன்னான்.

கோலிஸ் முதலில் நுழைந்தது. பழைய பணக்காரப் பேட்டை. தன் மாளிகைகள் எதிலும் இடித்துவிடாமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தது. பிளாக்விட்ஸ் வாசலிலேயே தயங்கியது.

"செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க" என்றாள் ஆவுடையப்பனின் மனைவி சங்கரவடிவு.

பிளாக்விட்ஸிடம் செருப்பு இல்லை. தன் கால்வாயைக் கழற்றிக் கதவோரம் வைத்தது. குரூனாவ் முழுக்க அடுக்குமாடி. குனிய முடியாமல் நடையிலேயே நின்றது. நடையும் அதற்குத் தகுந்தாற்போல் நீண்டு கொடுத்தது. கொன்னவிட்ஸ் வந்ததும் வராததுமாகச் சுவரில் கிறுக்க ஆரம்பித்தது.

"இருக்கட்டும், வெளையாட்டுப் பேட்ட" என்று சொல்லிவிட்டு சங்கரவடிவு வடை தட்டப் போனாள்.

அப்போது போன் அடித்தது. கோவில்பட்டி பால்வண்ணன் அண்ணாச்சி. ஆவுடையப்பன் ஊரைச் சுற்றிக் காட்டப்போகும் முதல் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் கோவில்பட்டியே கிளம்பி வரும். முகம் சுளித்தால் ஆவுடையப்பன் பழையபடி ஹோட்டலில் தட்டு கழுவப் போக வேண்டியதுதான்.

"தம்பி, ஸ்டேஷன விட்டு வெளிய வந்துட்டோம். ஊரக் காணோம்."

"நல்லாப் பாத்தியளா அண்ணாச்சி?"

"நல்லாத்தான் பாத்தேன். ஒரு பெஞ்சு கெடக்கு. அதத் தாண்டி தூரத்துல ஒரே ஒரு வீடு, வேற ஒண்ணும் இல்ல. இல்லாத ஊருக்கா விசா குடுத்தானுவ?"

ஆவுடையப்பன் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஊரைத் திரும்பிப் பார்த்தான். வந்த விருந்தாளியை எழுந்து போ என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. "உங்களுக்கு வேற சோலி ஏதும் உண்டா?" என்று மட்டும் கோலிஸிடம் கேட்டுப் பார்த்தான்.

"இல்லை. மாலை முழுவதையும் உங்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறோம்" என்றது கோலிஸ். அது புத்தகத் தமிழ் பேசியது. அவன் புத்தகத்தைப் படித்துக் கற்றிருக்கும்.

"ஏங்க, அவியளயும் இங்கயே வரச் சொல்லுங்க" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "ஊரு இங்கனதான இருக்கு."

நடுவில் ஊர் இல்லாததால் ஸ்டேஷனிலிருந்தே வீடு தெரிந்தது. அண்ணாச்சி கூட்டத்தோடு நேரே நடந்து வந்தார். எல்லோரும் கால்வாய்க்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு புத்தகத்தை விரித்தான். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அண்ணாச்சி கோலிஸிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். அவர் வீட்டம்மா குரூனாவின் மாடிகளைத் தட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான் கெட்டிருக்காவ" என்றார். யாரோ கொன்னவிட்ஸுக்கு அதன் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அது சுவர் முழுக்க எழுதித் தீர்த்தது. ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானும் ஒரு வடையை எடுத்துக்கொண்டான்.

அண்ணாச்சி வாயைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் சரி தம்பி. நீங்க குடியிருக்க பேட்ட எது?"

ஆவுடையப்பன் கூட்டத்தில் தேடினான். ஒய்ட்ரிச் அங்கே இல்லை. புத்தகத்திலும் இல்லை. தினமும் அதற்குள்தான் போய் வந்தான். ஒரு நாள்கூட அதை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கூடவே இருப்பதை யார் கூப்பிடுகிறார்கள்? அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"இருக்க எடத்தக் காட்டாம ஊரக் காட்டுதேம்னா எப்படி தம்பி?" அண்ணாச்சியின் முகம் சுருங்க ஆரம்பித்தது.

அவன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான். கீழே ஒய்ட்ரிச் நின்றது. வீட்டைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க" என்றான்.

"நான் வந்தால் வீடு எதன்மேல் நிற்கும்?"

சங்கரவடிவு ஜன்னலுக்கு வந்தாள். கையில் டம்ளர்.

"அதெல்லாம் நின்னுக்கிடும். காப்பி ஆறுது, வாங்க."

ஒய்ட்ரிச் கொஞ்சம் யோசித்தது. வீட்டை மெதுவாக விட்டது. படியேறி வந்தது. ஜன்னலுக்கு வெளியே இப்போது ஒன்றும் இல்லை. வீடு லேசாக ஆடிவிட்டு நின்றது. கோலிஸ் நகர்ந்து இடம் கொடுத்தது.

அண்ணாச்சி எழுந்துபோய் ஒய்ட்ரிச்சின் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, அடுத்து எங்க சம்பந்தி வீட்டுலேருந்து வாராவ" என்றார். "இவியளயும் இருக்கச் சொல்லுங்க."

ஒய்ட்ரிச் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தது.

"இத்தனை நாளும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்" என்றது. "உள்ளே நன்றாக இருக்கிறது."