ஒரு காதும் ஒரு கையும்

எங்கள் கண்ணாடிக் கடைக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் என் கணவர், இன்னொருவர் என் தங்கையின் கணவர். சகலைகள் இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. காரணம் ஒரு காது. குடும்பப் போட்டோவுக்குச் சகலை சட்டம் போட்டதில் என் கணவரின் இடது காது சட்டத்துக்கு அடியில் போய்விட்டது. வேண்டுமென்றே செய்தான் என்பது இவர் கட்சி. அளவு கொடுத்ததே இவர்தான் என்பது அவர் கட்சி. நடுவில் கிடந்து அல்லாடும் தபால்காரி நான்.

அன்று காலை இவர் தூக்கிய கண்ணாடி பாதியில் உடைந்து மணிக்கட்டுக்கு மேலே கிழித்தது. ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. "லேசான கீறல்தான்" என்று குழாயடிக்குக் கிளம்பினார். வீம்புக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

சகலை ஒரே எட்டில் வந்து இவரை உட்காரவைத்தார். மடித்த துணியை வெட்டின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

"துடிச்சுத் துடிச்சு வருது, பெரிய ரத்தக் குழாயே அறுந்திருக்கும். கைய மேல தூக்கியே வைக்கச் சொல்லுங்கக்கா."

"எனக்கு ரெண்டு காதும் கேக்குதுன்னு சொல்லு," என்றார் இவர்.

துணி நனைந்துவிட்டது. அதை எடுத்துப் பார்க்கப் போனேன்.

"எடுக்காதீங்கக்கா. அது மேலயே இன்னொண்ணு வைங்க. எடுத்துப் பாத்தா நின்ன ரத்தமும் மறுபடி கிளம்பிடும்."

அவர் முதலுதவி வகுப்புக்குப் போய் வந்தபோது "டாக்டர் வந்துட்டாரு, வழி விடுங்க" என்று கிண்டலடித்தவர் இவர்தான்.

காரை நான் ஓட்டினேன். பின்சீட்டில் இரண்டு பேரும் புதுக் கல்யாண ஜோடி மாதிரி கையும் கையுமாக இருந்தார்கள். பாதி வழியில் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால் இவர் முகம் வெளுத்து, கண் சொருகிக்கொண்டிருந்தது. கை போனாலும் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது.

"தூங்க விடாதீங்க தம்பி, ஏதாவது பேசுங்க," என்றேன்.

சகலை ஒரு வருடத்துக்குப் பிறகு நேராக இவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அந்தக் காத வேணும்னேதான் மறைச்சேன்."

இவர் கண் திறந்தது. "என்ன சொன்ன?"

"போட்டோவையே கெடுத்துச்சு. அதான்."

மருத்துவமனை வாசல்வரை இவர் திட்டித் தீர்த்தார். சகலையும் சளைக்கவில்லை, பிடித்த பிடியையும் தளர்த்தவில்லை. அவ்வளவு இனிமையான சண்டையை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அறுந்த குழாயை முடியைவிட மெல்லிய நூலால் தைத்துவிட்டு மருத்துவர் வெளியே வந்தார். "நடுவுல விடாம அழுத்திக்கிட்டே வந்தீங்க, பொழைச்சாரு. விரல் நெறம் மாறுதான்னு மட்டும் அடிக்கடி பாத்துக்கங்க."

மறுநாள் வார்டில் மறுபடி பழைய கதை. சகலை இவர் கையைப் பிடித்து, நகத்தை அழுத்தி விட்டு, ரத்தம் திரும்பி வந்து சிவக்கிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே வேணும்னுதான் செஞ்சானான்னு கேளு," என்றார் இவர்.

"கை சரியாகட்டும், சொல்றேன்னு சொல்லுங்கக்கா."

"அப்ப கைய விடச் சொல்லு."

"நெறம் இன்னும் சரியா வரலைன்னு சொல்லுங்க."

நகம் நன்றாகவே சிவந்திருந்தது. இவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தபால்காரிக்கு இன்றைக்கு லீவு என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கக் கிளம்பினேன்.