ஆறாவது வண்டி

எங்கள் வயலில், விடுமுறைக்கு வந்து உள்ளேயே படுத்துறங்கும் கேரவன் வண்டிகள் ஐந்துக்கு மேல் நிற்கக் கூடாது. கேரவன் சங்கத்துக்காரர்கள் கொடுத்த அனுமதிச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒரு தண்ணீர்க் குழாய், கழிப்பறைப் பெட்டியைக் கவிழ்க்க ஒரு குழி, குப்பைக்கு இரண்டு தொட்டி, அவ்வளவுதான். கரண்ட் கிடையாது. குளிக்க அறை கேட்பவர்களுக்கு ஓடையைக் காட்டுவேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அப்படியும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் இங்கே இருக்கிற அமைதிக்காகத்தான்.

ரேமண்ட் பதினோரு வருடம் வந்தான். ஆங்கிலேயர் ஊரான ஸ்டோக்கில் பீங்கான் தொழிற்சாலையில் சூளை பார்த்தவன், மனைவியை இழந்தவன். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் நீலக் காரின் பின்னால் சின்னப் பழுப்பு கேரவனை இழுத்துக்கொண்டு வந்து, வேலியோரக் கடைசி இடத்தில் ஒரு வாரம் தங்குவான். வந்த அன்றே என் வீட்டில் எது ஒழுகுகிறது, எது ஆடுகிறது என்று தேடிப்பிடித்துச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவான். என் அப்பாவுக்கு எல்லை தாண்டி வரும் ஆங்கிலேயர் என்றாலே ஆகாது. ரேமண்டை மட்டும் "நம்ம ஆளு" என்பார்.

பதினோராவது வருடம், குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"டெக்வென், ஒண்ணு கேட்டா கத்த மாட்டியே?"

"கேக்கறதப் பொறுத்து."

"நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

வாளி வழிந்து என் பூட்ஸுக்குள் தண்ணீர் போனது. எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அதுவரை எந்த ஆணும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சரி என்று சொல்ல ஒரு நொடி போதும், வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மாடியில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். இரவில் இரண்டு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவரை வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சை எடுக்க மனசு வரவில்லை.

"அடுத்த மே மாசம் வா. பதில் சொல்றேன்."

"ஒரு வருஷமா? நடுவுல ஒரு லெட்டர் போடக் கூடாதா?"

"இதெல்லாம் லெட்டர்ல சொல்ற விஷயமா? நீ வா, இதே வயல்ல வெச்சு சொல்றேன்."

"அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராதே."

"சூளைக்குக் காவலா ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தவன்தானே நீ. பழகின ஆளுக்கு என்ன?"

சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அந்தக் குளிர்காலத்தைத் தள்ளினேன். பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். அப்போதே எழுதியிருக்கலாம். வயலில் வைத்துச் சொல்கிறேன் என்று சொன்னேனே, அந்த வீம்பு விடவில்லை. மே மாதக் கடைசி சனிக்கிழமை வருவதாக ரேமண்ட் தபால் அட்டை போட்டிருந்தான். மணப்பெண் மாதிரி நாள் எண்ணினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் தம்பி கெத்தின் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனும் நானும்தான் பண்ணையில் மிச்சம்.

"என்னக்கா, ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட்டு? ராஜா வர்றாரா?"

"உன் வாய்க்கும் ஒரு கோட்டிங் அடிக்கட்டுமா?"

அந்த வாரம் வியாழக்கிழமை நல்ல மழை. ஐந்து இடமும் நிறைந்திருந்தது. அதில் ஒரு வண்டி சனிக்கிழமை காலை கிளம்பும், ரேமண்டுக்கான இடம் அது. நான் மேல்வயலில் மல்லாந்து விழுந்துகிடந்த ஓர் ஆட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அப்போது கீழே வாசலில் நீளமான வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் ரகம். முன்பதிவு செய்யாமல் வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்து, இடமில்லை என்று காட்டினேன். பாலத்துப் பக்கம் போகச் சொல்லிக் கையிலிருந்த தடியை நீட்டினேன். இடமில்லாமல் வருகிறவர்களையெல்லாம் பாலத்தருகே இருக்கும் இன்னொரு கேரவன் தளத்துக்குத்தான் அனுப்புவேன்.

வண்டி நகரவில்லை. விளக்கை இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டது. ஓர் ஆள் இறங்கித் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

"கெஞ்சினா எடம் மொளைக்குமாடா? போ!" என்று கத்தினேன். காற்றில் அது அவன்வரை போயிருக்காது. தடியைத்தான் மறுபடி வீசினேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை பழரொட்டி சுட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே இருந்தேன். ஞாயிறும் பார்த்தேன். திங்கள், பொது விடுமுறை, அன்றும் அவன் வரவில்லை.

"போன் பண்ணிக் கேளுக்கா. ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ" என்றான் கெத்தின்.

"கேட்டவன் அவன். வராதவனும் அவன். நான் எதுக்குப் போன் பண்ணணும்?"

"உன் வறட்டுப் பிடிவாதத்த ஏலத்துல விட்டா நல்ல வெல போகும்."

அவன் மேல் தட்டை வீசினேன். அன்று மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கிறிஸ்துமஸுக்கு ரேமண்டிடமிருந்து வாழ்த்து வரவில்லை, நானும் அனுப்பவில்லை.

மூன்று வருடம் போனது. போன மாதம் மாரீன் என்று ஒரு பெண் போன் செய்து இரண்டு நாளுக்கு இடம் கேட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளை வண்டி வந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ரேமண்ட் இறங்கினான். முடி இன்னும் கொட்டியிருந்தது.

"இவர்தான் எங்க வீட்டுக்காரர். நீங்க ரெண்டு பேரும் பழைய பழக்கமாமே! நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் மாரீன். தானே செய்த ஆரஞ்சு ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தாள். முகத்தில் கொஞ்சமும் கள்ளமில்லை. அவளை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் காலை குழாயடிக்கு அவன் வாளியோடு வந்தான். மாரீன் பத்தடி தள்ளிக் கொடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்மேல கோவம் இல்ல டெக்வென்" என்றான் தணிந்த குரலில். "வேண்டாம்னு சொல்ற உரிமை உனக்கு இருக்கு. ஆனா கீழ எறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டு நாள் பொறுக்க முடியாம, காரையும் கேரவனையும் வித்து நாம ரெண்டு பேருக்கும்னு வண்டி வாங்கிட்டு ஓடி வந்தேன். விளக்கப் போட்டேன். தொப்பியக் கழட்டிக் காட்டினேன். நீ என்னடான்னா நாயை வெரட்டற மாதிரி தடிய வீசற."

மேல்வயல், மழை, வெள்ளை வண்டி எல்லாம் ஒரே மூச்சில் எனக்கு விளங்கிவிட்டது.

"அப்புறம் எங்க போன?" என்று எப்படியோ கேட்டேன்.

"நீ காட்டின பக்கம்தான். பாலத்துக்கிட்ட இருக்கற தளத்துக்கு. அங்க அழுதுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். பக்கத்து வண்டியிலேருந்து டீ கொண்டாந்து குடுத்தவதான் மாரீன்."

நான் உன்னைப் பார்க்கவில்லை, வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன், என் பதில் சம்மதம் என்பதுதான். இதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. மாரீன் துண்டை உதறிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும். அவர்கள் இரண்டு பேரும் அதைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவார்கள்.

"ஆமா ரேமண்ட். எறங்கி வந்து சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

அவன் பெருமூச்சு விட்டான்.

"அது போதும். மூணு வருஷமா அதுதான் உறுத்திக்கிட்டிருந்துச்சு."

வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். வண்டி வளைவு தாண்டியதும் கெத்தினை வாசலில் போய் நிற்கச் சொன்னேன்.

"எதுக்கு?"

"தொப்பியக் கழட்டிக் கைய ஆட்டு. கேள்வி கேக்காத."

மேல்வயலுக்கு ஏறினேன். அன்று மாதிரியே தூறிக்கொண்டிருந்தது. அன்று நின்ற அதே இடத்தில் நின்று கீழே பார்த்தேன். அத்தனை தூரத்திலிருந்து, அதுவும் மழையில், யாரையும் அடையாளம் தெரியாது என்று நிச்சயம் செய்துகொள்ளத்தான் ஏறினேன். அந்த ஒரு ஆறுதலாவது எனக்கு வேண்டியிருந்தது.

கெத்தின் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அவன் வழுக்கை தெரிந்தது, கோணலான தோள் தெரிந்தது, வாயைப் பிளந்து என்னைப் பைத்தியம் என்று சிரிப்பதுகூடத் தெரிந்தது. அன்று நான் ஆளைப் பார்க்கவே இல்லை. ஆறாவது வண்டி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.