முடிவெடுக்காதவனின் தங்கை

டெக்சோன் மூன்றாவது தடவையாகப் பெண் கேட்டு வந்திருந்தான். கூடவே இரண்டு சாட்சிகள். ஆண்கள் முற்றத்தில் உட்கார்ந்திருக்க, மெலின்னா தறி அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யூதாமோஸ், ஒரு வருஷமாச்சுய்யா. உன்னை மச்சான்னு கூப்பிடவா வேண்டாமான்னு இன்னும் எனக்குத் தெரியல," என்றான் டெக்சோன்.

"கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாட்டியும் சரி," என்றான் அவள் அண்ணன். "எது மேலுன்னு நான் எப்படிச் சொல்றது?"

சாட்சிகளில் மூத்தவர் செருமினார். "இவன்கிட்ட பசிக்குதான்னு கேட்டுப் பாரு. பசிக்கிற மாதிரி தோணுதும்பான். அப்புறம் மூணு ரொட்டி தின்பான்."

யூதாமோஸும் சேர்ந்து சிரித்தான். அவன் கோபப்பட்டு எட்டு வருடம் ஆகிறது.

அதற்கு முன்னால் அவன் கிரேக்க நாட்டு எலிஸ் நகரத்திலேயே பெரிய சண்டைக்காரன். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, தூக்கமே கிடையாது. அப்புறம் ஒரு ஆசிரியரிடம் போய் உட்கார்ந்தான். எதையும் நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவுகட்டாதே, மனம் தானாக அமைதியாகும் என்றார் அவர். ஆகிவிட்டது. அவன் நன்றாகத் தூங்கினான். முதலில் மெலின்னாவுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் ஒலிவக் காய்களை என்று உதிர்ப்பது, கூரையை யாரை வைத்துச் சரிசெய்வது என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். அண்ணன் எடுக்காத முடிவுகளை எல்லாம் அவள் எடுத்தாள். ஒன்றை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை. பெண்ணைக் கொடுக்கும் வார்த்தையை அப்பாதான் சொல்ல வேண்டும், அவர் இல்லையென்றால் அண்ணன். அவளுக்கு இருபத்தெட்டு வயது.

டெக்சோன் கில்லேன் துறைமுகத்துக்காரன். மனைவியை இழந்தவன். இரண்டு சின்னப் பெண்கள். ஆளிச் செடி நாரில் அவள் நூற்கும் நூலை வாங்க வருவான். ஒருமுறை நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது அறுந்தாத்தான் அதிசயம்," என்றான். அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கடைவீதி வரைக்கும் போயிட்டு வர்றேன்," என்று எழுந்தான் டெக்சோன். "வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா எங்க ஊர்லயே பார்த்துக்கிறேன். புள்ளைங்க பாவம்."

அவர்கள் போனதும் மெலின்னா வெளியே வந்தாள்.

"அண்ணா, என்ன சொல்லப் போற?"

"அவன் நல்லவனாத் தோணுறான். இல்லாமலும் இருக்கலாம். கொடுக்கிறேன்னு சொன்னா, இது உனக்கு நல்லதுன்னு நான் முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்."

"திருவிழாவுல டயோனிசஸுக்குப் பாட்டுப் பாடினியே. சாமி இருக்குன்னு முடிவு பண்ணிட்டா பாடின?"

"இல்லை. அது ஊர் வழக்கம். வழக்கத்தை அனுசரிச்சுப் போறதுல ஆசிரியர்கிட்ட படிச்ச எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

"அண்ணன் தங்கச்சியைக் கட்டிக்கொடுக்கிறதும் ஊர் வழக்கம்தான்."

யூதாமோஸ் நிமிர்ந்து பார்த்தான். வெகுநாள் கழித்து அவன் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு.

"அட, நல்ல வாதம். எதிர்வாதம் எதுவும் தோணல."

டெக்சோனும் சாட்சிகளும் திரும்பி வந்ததும் யூதாமோஸ் எழுந்து நின்று, முறையான பிள்ளைகள் பெற என் தங்கையை உனக்குக் கொடுக்கிறேன் என்றான். இன்று காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்று சொல்வதுபோல இருந்தது. டெக்சோன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். பௌர்ணமிக்குக் கல்யாணம் என்று பேசி, திராட்சை மது குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுபடியும் கதவுக்குப் பின்னால் போயிருந்த மெலின்னா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. சந்தோஷம் வரும் என்று பார்த்தாள்.

யூதாமோஸ் வந்து கதவைத் திறந்தான்.

"உன் வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. இப்பத்தான் தோணிச்சு."

"என்ன?"

"வழக்கம்னு பார்த்தா, மாப்பிள்ளை எப்படி, முதல் பொண்டாட்டியை எப்படி வச்சிருந்தான்னு விசாரிக்கணும். அதுவும் அண்ணன் வேலைதான். நான் விசாரிக்கவே இல்ல."

"ஒரு வருஷத்துல ஒரு தடவை கூடவா?"

"விசாரிச்சா ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லுவாங்க. அதை வச்சு என்ன பண்றது?"

அவன் கிண்டல் செய்யவில்லை. அவன் கண்களில் வாதத்தை முழுசாக்கிவிட்ட திருப்தி இருந்தது.

"நான் போனா உனக்கு வருத்தமா இருக்குமா, அண்ணா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். அவசரப்பட்டு எதையும் சொல்கிற ஆள் இல்லை.

"இப்ப ஒண்ணும் தோணல. அன்னைக்குத் தோணலாம்."

சொல்லிவிட்டு முற்றத்து நிழலில் போய்ப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் சீரான குறட்டை கேட்டது.

ஊர்க் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வரும் பெண்களில் ஒருத்தி டெக்சோனின் ஊரான கில்லேனிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நிறைய பேசுவாள். மெலின்னா அவளோடு இதுவரை பேசியதில்லை. காலையிலேயே நிறைத்துவைத்த குடத்தைத் தூக்கி அத்தி மரத்தடியில் கொட்டினாள். மண் உறிஞ்சும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேலாடையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி, காலிக் குடத்தோடு தெருவில் இறங்கினாள்.